நிறைகுடமும் மாவிலையும்: டை வைத்து வாழ்த்து மட்டை செய்யும் முறை

டை என்பது தாளில் உருவம் வெட்டும் அச்சு. மெஷினில் வைத்து அழுத்தினால் அதன் விளிம்பின் வடிவத்தில் தாள் வெட்டுப்படும். அதை வாங்கப் போனால் கண்ணில் முதலில் படுவது பனிப்பூவும் கலைமானும் டியூலிப்பும்தான். வன்னியில் மட்டை கேட்கிறவர்களோ பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் குடிபூரலுக்கும் நத்தாருக்கும் கேட்கிறார்கள். அதற்காக நிறைகுட டை எங்கே, குத்துவிளக்கு டை எங்கே என்று அலையத் தேவையில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வட்ட டைத் தொகுதி ஒன்று, நீள்வட்டத் தொகுதி ஒன்று, ஒடுங்கிய இலை ஒன்று, ஐந்திதழ்ப் பூ ஒன்று. இந்த நாலும் கையில் இருந்தால் குடம், தேங்காய், மாவிலை, வாழையிலை, பொங்கற்பானை, சூரியன் எல்லாவற்றையும் வெட்டிச் சேர்த்துவிடலாம். காசைப் புதுப்புது உருவங்களில் கொட்டாமல் நல்ல கடதாசியிலும் மேலதிக வெட்டுத்தட்டிலும் போடுங்கள். வேலை கெடுவது பெரும்பாலும் டையின் வடிவத்தால் அல்ல. அழுத்தம் பிழைப்பதாலும் கடதாசி ஈரம் குடித்திருப்பதாலும்தான் கெடுகிறது.

மெஷினும் டையும்

கையால் சுழற்றும் மெஷினே போதும். இரண்டு உருளைகளுக்கு நடுவே தட்டுகளை நெருக்கி இழுப்பதுதான் அதன் முழு வேலை. மின்சாரம் தேவையில்லை, கரண்ட் நின்ற நேரத்திலும் வேலை ஓடும். 15 செ.மீ. அகல வாய் உள்ள மெஷின் ஏ6 அளவு (ஏ4 தாளில் கால்பங்கு) மட்டைக்குத் தாராளம். சிசிக்ஸ் நிறுவனத்தின் பிக் ஷொட் அந்த வகை. ஏ4 அகல மெஷின் பாரமானது, விலையும் கூட. பெரிய அழைப்பிதழ்களும் பெட்டிகளும் செய்கிறவர்களுக்கே அது வேண்டும்.

டையில் இரண்டு வகை. பிளாஸ்டிக்கும் ஃபோமும் சூழ, உள்ளே உருக்கு வெட்டுவிளிம்பு வைத்த தடித்த டை ஒன்று. ஏறத்தாழ 1.5 செ.மீ. தடிப்பு. துணி, ஃபெல்ட், நெளிமட்டை எல்லாம் வெட்டும். மற்றது விரலால் தூக்கினால் வளையும் அளவுக்கு மெல்லிய உலோக டை. கடதாசி வேலைக்கு இதுதான். நுணுக்கமான கோடுகள் இதில்தான் வரும், விலையும் குறைவு, ஒரு கொப்பிக்குள் வைத்துக்கொள்ளலாம். எல்லா மெஷினும் இரண்டு வகையையும் ஏற்காது. வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டுத்தட்டு என்பது டைக்கு மேலும் கீழும் வைக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பலகை. தேய்ந்து போவது அதுதான். மெஷின் வாங்கும்போதே இரண்டு சோடி மேலதிகமாக எடுத்துவிடுங்கள். மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்துகொண்டு கலியாண ஓடர் ஒன்றின் நடுவில் தட்டு வெடித்தால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஓடவேண்டி வரும். அங்கும் உங்கள் மெஷினுக்கு ஏற்ற அளவு இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இவற்றோடு 30 செ.மீ. இரும்பு அடிமட்டம், கட்டர், மை முடிந்த பேனை, மாஸ்கிங் டேப், கூர்முனைச் சாமணம், தடித்த ஊசி, பழைய பல்துலக்கி, 2 மி.மீ. தடிப்புள்ள இரட்டைப்பக்க ஃபோம் டேப், நுனி ஒடுங்கிய போத்தலில் வெள்ளைப் பசை ஆகியவை வேண்டும். கோதுமை மாவில் காய்ச்சிய பசை மலிவு, பிடிப்பும் நல்லது. ஆனால் ஆறு மாதத்தில் பூச்சி அரிக்கும். தோரணத்துக்கு அது சரி, ஆண்டுக்கணக்கில் எடுத்துவைக்கும் மட்டைக்கு வேண்டாம்.

கடதாசி

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்பார்கள், ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. மட்டையின் உடலுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம். அதன்மேல் ஒட்டும் டை வெட்டுகளுக்கு 160 முதல் 220. சுருட்டிச் செய்யும் பூவுக்கு 120 முதல் 160. மெல்லிய டையில் 300 ஜிஎஸ்எம் கொடுத்தால் வட்டம் போன்ற எளிய உருவம் வெட்டுப்படும். கொடிப்பின்னல் போன்ற நுணுக்கம் பாதியில் நின்றுவிடும்.

புத்தகக்கடைகளில் பள்ளிக்கூட வேலைக்கு விற்கும் நிற பிரிஸ்டல் போட் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. மூலையில் சிறிது கிழித்துப் பாருங்கள். கிழிந்த இடத்தில் உள்ளே வெள்ளை தெரிந்தால் நிறம் மேற்பரப்பில் மட்டும்தான். அதில் வெட்டிய ஒவ்வொரு விளிம்பும் மடிப்பும் வெள்ளைக் கோடாகத் தெரியும். உள்ளேயும் அதே நிறம் உள்ள தாளையே முன்பக்கத்துக்கு எடுங்கள். மற்றதை அடியில் போகும் அடுக்குகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நார் ஓடும் திசை. தாளை மடிக்காமல் ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை அகலவாக்கிலும் மெதுவாக வளைத்து உள்ளங்கையால் அமத்துங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவுக்கோடு போகும் திசையிலேயே நார் ஓடுகிறது. மடிப்பும் அதே திசையில் விழவேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து நார் பிசிறும். ஏ4 தாளில் நார் நீளவாக்கில் ஓடினால் தாளை 14.85 செ.மீ. இல் குறுக்கே இரண்டாக்கி, வரும் 21 செ.மீ. துண்டை 10.5 இல் மடியுங்கள். நார் அகலவாக்கில் ஓடினால் தாளை நீளமாகக் கீறி 10.5 x 29.7 துண்டாக்கி 14.85 இல் மடியுங்கள். இரண்டிலும் கிடைப்பது ஏ6 மட்டைதான். முதலாவது பக்கவாட்டில் திறக்கும், இரண்டாவது மேல்நோக்கித் திறக்கும்.

ஈரம்தான் இங்கே பெரிய எதிரி. ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை கடதாசி தொய்ந்தே கிடக்கும். பொங்கல் மட்டைகள் செய்யவேண்டிய காலமும் அதுதான். தாளை ஒரு மூலையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சடசடவென்று சத்தம் வந்தால் வெட்டலாம். சத்தமில்லாமல் துணிபோல ஆடினால் அதில் ஈரம் இருக்கிறது. டை அதை வெட்டாது, நசுக்கும். விளிம்பில் பஞ்சுபோல நார் எழும்பும், நுணுக்கமான இடங்கள் டையை விட்டு எடுக்கும்போதே கிழியும். அப்படிப்பட்ட தாளின்மேல் பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் அயன்பெட்டியை ஒவ்வொரு இடத்திலும் பத்து விநாடி வைத்து எடுங்கள். பிறகு தட்டையான பலகைக்கு அடியில் கால்மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள். வெயிலில் காயப்போட்டால் தாள் சுருளும், நிறமும் போகும்.

வாங்கிய தாளைச் சீமெந்து நிலத்தில் வைக்கவே கூடாது. நிலம் ஈரத்தையும் கொடுக்கும், கறையானையும் கூட்டிவரும். பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, அலுமாரியின் மேல்தட்டில் படுக்கையாக வையுங்கள். நிறுத்தி வைத்தால் வளைந்துவிடும்.

அடுக்கும் வரிசை

மெல்லிய டைக்கு அடுக்கு இப்படிப் போகும். எல்லாவற்றுக்கும் அடியில் மெஷினின் அடித்தட்டு, அதன்மேல் ஒரு வெட்டுத்தட்டு, அதன்மேல் வெட்டுவிளிம்பு மேலே பார்க்க டை, அதன்மேல் தாளின் நல்ல பக்கம் கீழே பார்க்க தாள், கடைசியாக இரண்டாவது வெட்டுத்தட்டு. நல்ல பக்கம் எப்போதும் வெட்டுவிளிம்பைத் தொடவேண்டும். ஒருபக்கம் மட்டும் நிறமோ பூவேலையோ உள்ள தாளில் இதை மறந்தால் உருவம் இடம்வலம் மாறி வெட்டுப்படும். அடித்தட்டின் தடிப்பு மெஷினுக்கு மெஷின் மாறும். உங்கள் மெஷினோடு வந்த படத்தில் உள்ள வரிசையையே பின்பற்றுங்கள்.

டையை நேராக வைக்காமல் சற்றுச் சரித்து வையுங்கள். நீண்ட நேர்விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருளைக்குள் போனால் கைபிடி இறுகும், தட்டும் வளையும். சின்ன டையை நட்டநடுவில் வைப்பதைவிட ஓரத்துக்குக் கிட்ட வைப்பது நல்லது. பாரம் ஏறும்போது உருளைகள் நடுவில் மிகச் சிறிய அளவு விலகும், அழுத்தம் அங்கேதான் குறையும். டை நகராமல் இருக்க ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒட்டுமுன் அதை உடுத்த துணியில் இரண்டுமுறை அழுத்தி எடுத்தால் பசைப்பிடிப்பு குறைந்து, தாளின் தோலை உரிக்காது.

கைபிடியைச் சீராகச் சுழற்றுங்கள். தட்டு நெரியும் கறகற சத்தம் வழமையானது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கைபிடி நகரவே மறுத்தால் அதற்குமேல் பலம் போடாதீர்கள். பின்னுக்குச் சுழற்றி எடுத்து அடுக்கைக் குறையுங்கள். பலத்தால் தள்ளினால் தட்டு வெடிக்கும், அல்லது உள்ளே பற்சக்கரம் உடையும். பற்சக்கரம் உடைந்தால் அநேகமாக மெஷினே போனமாதிரிதான்.

வெட்டு முழுதாக விழவில்லையா? எங்கே விழவில்லை என்று பாருங்கள். உருவம் முழுக்க மேலோட்டமாகக் கோடு மட்டும் விழுந்திருந்தால் தாள் தடிப்புக் கூட, அல்லது அழுத்தம் போதாது. மேல்தட்டுக்கு மேலே ஒரு ஏ4 ஃபொட்டோக்கொப்பித் தாளை வைத்து மறுபடி ஓட்டுங்கள். போதாவிட்டால் இன்னொன்று. ஒன்றொன்றாகத்தான் கூட்டவேண்டும், எடுத்த எடுப்பில் மட்டைத்துண்டைச் செருகக் கூடாது. ஒரே இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் விடுபட்டால் தட்டில் அந்த இடம் குழிந்திருக்கிறது. தட்டைத் திருப்பியோ டையை நகர்த்தியோ வையுங்கள். நடுவில் மட்டும் விடுபட்டால், டையின் நடுப்பகுதி அளவுக்கே ஒரு தாள்துண்டை வெட்டி அந்த இடத்துக்கு மேலே மட்டும் வையுங்கள். முழுத்தாள் வைத்து ஓரங்களையும் சேர்த்து நெரிக்கத் தேவையில்லை.

இரண்டாம் தடவை ஓட்டும்போது டையும் தாளும் இம்மியும் விலகக்கூடாது. விலகினால் இரட்டைக்கோடு விழும், அந்தத் துண்டு வீண். அதனால் முதல் ஓட்டம் முடிந்ததும் டேப்பைக் கழற்றாமல் தாளின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள்.

தாள் டைக்குள் சிக்கிக்கொண்டால் நகத்தால் இழுக்காதீர்கள். டையின் பின்புறத்தில் சிறு துளைகள் இருக்கும். அவற்றுக்குள் ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளினால் தானே கழரும். நுணுக்கமான டையில் வெட்டுமுன் டைக்கும் தாளுக்கும் நடுவே கேக் சுடப் பயன்படும் மெழுகுத்தாள் ஒன்று வைத்தால் பாதித் தொல்லை குறையும். உள்ளே மிஞ்சும் துகள்களுக்கு டையை ஃபோம் துண்டின்மேல் வைத்துப் பல்துலக்கியால் தட்டித் தேய்க்கலாம்.

வெட்டுத்தட்டை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புரட்டுங்கள், மேலதைக் கீழேயும் கீழதை மேலேயும் மாற்றுங்கள். ஒரே பக்கம் வேலை செய்தால் வாழைமடல்போல வளைந்துவிடும். பழைய கீறல் நிறைந்த தட்டு மென்மையான தாளில் தன் கீறல்களையும் பதித்துவிடும். முத்துப்பளபளப்புத் தாள்களில் இது பளிச்சென்று தெரியும். அவற்றுக்கென்று கீறலில்லாத தட்டு ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

நிறைகுட மட்டை

250 ஜிஎஸ்எம் வெள்ளை அல்லது சந்தன நிறத் தாளில் 21 x 14.85 செ.மீ. துண்டு ஒன்று. 10.5 இல் அடிமட்டம் வைத்து மை முடிந்த பேனையால் இரண்டுமுறை அழுத்திக் கோடு இழுங்கள். பேனை போன பக்கம் பள்ளமாகும், மறுபக்கம் மேடாகும். மேடு உள்ளே போகும்படி மடியுங்கள். பலர் பள்ளத்தை உள்ளே வைத்து மடிக்கிறார்கள், அப்போது வெளிப்புறம் இழுபட்டு வெடிக்கும். மடித்தபின் தேக்கரண்டியின் முதுகால் ஒருமுறை நீவிவிடுங்கள்.

மருதாணிச் சிவப்பில் 10.1 x 14.4 தாள் ஒன்று, அதன்மேல் சந்தன நிறத்தில் 9.5 x 13.8 தாள் ஒன்று. இவை பின்னணி. ஒட்டுவதைக் கடைசிக்கு வையுங்கள். படத்தை முதலில் சந்தனத் தாளில் முழுதாகச் செய்துகொண்டால், பிழைத்தாலும் மட்டை தப்பும்.

குடத்துக்குப் பொன்னிறத் தாளில் 5 செ.மீ. வட்டம் வெட்டி, மேலே 0.8 செ.மீ. நேராகச் சீவிவிடுங்கள். கழுத்துக்கு 2.2 x 1 செ.மீ. பட்டி. அதில் 0.4 செ.மீ. குடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கட்டும். விளிம்புக்கு 3 x 0.4, அடிக்கு 2.4 x 0.5. தேங்காய்க்குக் கபில நிறத்தில் 2.2 x 2.8 நீள்வட்டம், அதன் தலையில் முடிக்குச் சிறு முக்கோணம். மாவிலைக்கு 3.2 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள இலை ஐந்து. இரண்டு பச்சைகளில் வெட்டினால் உயிர் வரும். ஒவ்வொன்றின் நடுவிலும் மை முடிந்த பேனையால் நரம்புக்கோடு இழுத்து இலேசாக மடக்கிவிடுங்கள். அடியில் வாழையிலைக்கு 8 x 2 நீள்வட்டம். அதற்குப் பேனைக்கோடுகள் போதும்.

வாழையிலையைச் சந்தனத் தாளின் அடியிலிருந்து 1 செ.மீ. மேலே தட்டையாக ஒட்டுங்கள். பிறகு தேங்காய். அதற்கு முன்னால் இலைகள் விசிறிபோல. இலையின் அடிப்பாகத்துக்கு மட்டும் பசை, நுனி எழும்பி நிற்கட்டும். கழுத்தும் விளிம்பும் இலைகளின் அடியை மறைக்கும். குடத்தை மட்டும் ஃபோம் டேப்பில் தூக்கி ஒட்டுங்கள். எல்லாவற்றையும் ஃபோமில் தூக்கினால் எதுவும் முன்னுக்கு வராது, மட்டையும் உறைக்குள் போகாது. ஏ6 மட்டைக்கு சி6 உறை, 11.4 x 16.2 செ.மீ.

பசையில் கைக்கட்டுப்பாடு வேண்டும். வெள்ளைப் பசையில் நீர் உண்டு, கூடினால் மெல்லிய தாள் அலையடிக்கும். கொடிப்பின்னல் போன்ற துண்டுகளுக்குப் பசையை ஒரு பிளாஸ்டிக் மூடியில் விட்டு, சிறு பஞ்சுத்துண்டால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். ஒட்டியதும் மெழுகுத்தாள் ஒன்று போட்டு, மேலே இரண்டு தடித்த புத்தகம் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். மழைநாளில் இரவு முழுக்க. ஃபோம் வைத்த துண்டுகளை இந்தப் பாரம் முடிந்த பிறகுதான் ஒட்டவேண்டும்.

பளபளப்பு ரிபனுக்குப் பதிலாகச் சார்வோலையை 4 மி.மீ. கீறாகக் கீறி, நிறமூட்டி, குடத்துக்கு மேலே குறுக்குப்பட்டியாக ஒட்டலாம். ரிபனைவிட அழகு என்பது எங்கள் அபிப்பிராயம். ஓலையை டையில் கொடுக்காமல் கத்தியால் கீறுங்கள்.

எழுத்து

கடையில் கிடைக்கும் எழுத்து டைகள் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழை நீங்களே வெட்டுவதானால் இரண்டு சிக்கல் உண்டு. அ, ண, ழ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியே விழுந்துவிடும், குற்றுகளும் உதிரியாகிவிடும். “பொங்கல் வாழ்த்து” என்பதிலேயே நாலு குற்று. ஆகவே எழுத்தைத் துளையாக வெட்டாதீர்கள். தாளில் கையால் எழுதியோ அச்சடித்தோ, அதைச் சுற்றி நீள்வட்ட டையால் வெட்டி ஒட்டுங்கள். முதலில் எழுத்து, பிறகு வெட்டு என்பதுதான் வரிசை. வெட்டிய துண்டில் எழுதப் போனால் கடைசி எழுத்துக்கு இடம் இராது. டை ஒளி மறைப்பதால், வெட்டிய வெறும் தாளின் ஓட்டையை எழுத்தின்மேல் வைத்து இடம் பார்த்து, அதே இடத்தில் டையை டேப்பால் பிடித்துக்கொள்ளலாம்.

வாசல் தோரணமும் சுருள்பூவும்

90 செ.மீ. வாசலுக்கு 10 x 3 செ.மீ. இலை பதின்மூன்று போதும், 7 செ.மீ. இடைவெளியில். தலைப்பக்கம் 1.5 செ.மீ. மடித்து நூலின்மேல் போட்டு ஒட்டுங்கள். திசுத்தாளில் செய்தால் ஒரு தூறலிலேயே சாயம் வடிந்து சுவரில் பிடிக்கும். 120 ஜிஎஸ்எம் நிறத்தாளே வாசலுக்குச் சரி. குருத்தோலைத் தோரணத்தின் உருவத்தைக் கடதாசியில் வெட்டுவதானால், மங்கலத்துக்குக் கட்டுவதும் அமங்கலத்துக்குக் கட்டுவதும் வேறு வேறு என்பதை மறவாதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மாதிரியைக் காட்டிவிட்டு மற்றவற்றை வெட்டுங்கள்.

சுருள்பூவுக்குத் தனி டை உண்டு. இல்லாவிட்டாலும் 9 செ.மீ. வட்டத்தை வெளியோரத்திலிருந்து உள்நோக்கி 1 செ.மீ. அகலச் சுருளாக, ஓரத்தை அலையலையாக வெட்டுங்கள். நடுவில் 2 செ.மீ. வட்டம் மிஞ்சவேண்டும். வெளிநுனியிலிருந்து இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். உள்ளிருந்து தொடங்கினால் பூ வராது. முடிந்ததும் பிடியைச் சற்றுத் தளர்த்துங்கள், இதழ் தானாக விரியும். மிஞ்சிய வட்டத்தில் பசை விட்டு, பூவின் அடியை அதில் வைத்து ஒரு நிமிடம் அமத்துங்கள். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் சன்னலைச் சாத்திவிட்டுச் செய்யவேண்டிய வேலை இது. வெட்டிய துண்டுகள் பறப்பது ஒருபுறம், செம்மண் தூசு பசையில் ஒட்டி இதழை அழுக்காக்குவது மறுபுறம்.

நூறு மட்டை ஓடர் என்றால்

ஏ4 ஒன்றில் இரண்டு மட்டை. நூறுக்கு ஐம்பது தாள், பழுதுக்கு இன்னும் ஐந்து. ஒரு மட்டையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்காதீர்கள். முதல்நாள் எல்லாக் குடங்களும், பிறகு இலைகள் ஐந்நூறு என்று உருவம் உருவமாக வெட்டி, மூடியுள்ள பிஸ்கட் டின்களில் தனித்தனியாகப் போடுங்கள். டையை மாற்றாமல் அதே அடுக்கு வரிசையில் தொடர்ந்து ஓட்டும்போது அழுத்தம் மாறாது, நூறு குடமும் ஒரேமாதிரி வரும். மெல்லிய தாளானாலும் இரண்டு தாளைச் சேர்த்து வெட்ட ஆசைப்படாதீர்கள். கீழ்த்தாள் துப்புரவாகவும் மேல்தாள் பிசிறோடும் வரும். நிறத்தாளை ஒரே கடையில் ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த கட்டில் அதே சிவப்பு வராது.

வேலை முடிந்ததும் டைகளைத் துணியால் துடைத்துக் காற்றுப்புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர வீடுகளில் உப்புக்காற்று ஒரு மழைக்காலத்திலேயே டைக்குத் துரு ஏற்றிவிடும். அங்கே இருப்பவர்கள் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துளியைத் துணியில் தொட்டு வெட்டுவிளிம்பில் தடவி வையுங்கள். மறுபடி எடுக்கும்போது துடைத்துவிட்டு, கழிவுத்தாளில் இரண்டு மூன்று தடவை வெட்டிய பிறகே நல்ல தாளை வையுங்கள். இல்லாவிட்டால் குடத்தின் ஓரமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு விழும்.